எஃப்.ஐ.டி. அடித்தளத்தில் உடைந்து தங்கிய ஜெட்டின் மரை

கலவைகளை வாயு நிலையில் சேர்மம் சேர்மமாகப் பிரித்து அளக்கும் வாயு நிறப்பகுப்புக் கருவியில் திருகிப் பொருத்திய ஒரு பாகம் உடைந்து, அதன் மரைப்பகுதி மட்டும் உள்ளே தங்கிவிட்டால், அதை எடுப்பது பட்டறை வேலைதானே என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். எஞ்சினில் உடைந்த போல்ட்டை எடுத்துப் பழகிய கைகளுக்கு இது சிறிய வேலையாகத் தோன்றுவதும் இயல்பே. ஆனால் அந்த மரைக்கு அடியில் வாயு செல்லும் மெல்லிய பாதை ஒன்று இருக்கிறது. உடைந்த துண்டை எடுத்த பிறகு அந்தப் பாதை முன்பிருந்த தூய்மையோடும், பாகம் அமர்ந்து அடைக்கும் அமர்வுப் பரப்பு கீறலின்றியும் இருந்தால்தான் வேலை முடிந்ததாகப் பொருள். துண்டு வெளியே வந்துவிட்டது என்பதை மட்டும் வெற்றியாகக் கொள்ளும் முறைகளால் நல்ல கருவிகள் மாதக்கணக்கில் சமிக்ஞையில் இரைச்சலோடு ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அண்மையில் கோவையில் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் செய்த வேலையை முன்வைத்து, இதைச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

அங்கே உடைந்திருந்தது சுடர் அயனாக்க உணர்வியின் ஜெட். எஃப்.ஐ.டி. என்று எல்லோரும் அழைக்கும் இந்த உணர்வியில், பகுப்புக் குழாயிலிருந்து வரும் வாயுவும் ஹைட்ரஜனும் கலந்து ஜெட் என்னும் சிறிய எஃகுக் குழல் வழியே மேலேறி, அதன் நுனியில் எரிகின்றன. கேப்பிலரி எனப்படும் மிக மெல்லிய பகுப்புக் குழாய்களுக்கான ஜெட்டின் நுனித்துளை ஏறத்தாழ 0.3 மி.மீ. அளவே இருக்கும், அடிப்பகுதியின் துளை அதைவிட அகலமானது, ஏனெனில் கேப்பிலரி குழாயின் முனை அதற்குள் ஏறி நிற்க வேண்டும். ஜெட்டின் நடுவில் அறுகோணக் கழுத்தும், அதற்குக் கீழே மரையும், மரைக்கும் கீழே உணர்வியின் அடித்தளத்தோடு உலோகத்தின்மேல் உலோகமாக அமர்ந்து வாயுவை அடைக்கும் கூம்புப் பரப்பும் இருந்தன. அந்த ஆய்வகத்தில் சிலைல் வழிப்பொருட்களாக, அதாவது சிலிக்கான் உள்ள தொகுதி சேர்ந்த சேர்மங்களாக, மாற்றிய மாதிரிகளைத் தொடர்ந்து ஆராய்கிறார்கள். சிலிக்கான் உள்ள எந்தச் சேர்மமும் அந்தச் சுடரில் எரிந்தால் வெண்ணிறச் சிலிக்காத் தூளாக ஜெட்டின் மீதும், மேலே சுடரின் அயனிகளைப் பிடிக்கும் சேகரிப்பான் குழலின் உட்புறத்திலும் படியும். அதைத் துடைப்பதற்காக ஜெட்டைக் கழற்ற முனைந்தபோது, மரைக்கு மேலே சுவர் மிக மெல்லியதாக இருக்கும் பள்ளத்தில் அது முறிந்து, மரைப்பகுதி அடித்தளத்திலேயே நின்றுவிட்டது.

இறுகியதன் காரணத்தை அறியாமல் எடுக்கும் முறையைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அடித்தளமும் ஜெட்டும் துருப்பிடிக்காத எஃகால் ஆனவை. இந்த எஃகைக் காக்கும் மெல்லிய ஆக்சைடு படலம் மரைகளின் அழுத்தத்தில் உரிந்துவிட்டால், ஒரே வகை உலோகங்கள் நேருக்கு நேர் தொட்டு, சூடில்லாமலேயே ஒன்றோடொன்று ஒட்டிப் பிய்ந்துகொள்ளும். ஆண்டுக்கணக்கில் 300 டிகிரி செல்சியஸ் அளவில் நின்ற மரையில் இதோடு எரிந்த கரிமக் கசடும் சிலிக்காத் தூளும் சேர்ந்து இடைவெளியை நிரப்பிவிடுகின்றன. கசடால் மட்டும் பிடித்த மரை, முதல் அசைவு கிடைத்ததும் தளர்ந்து வந்துவிடும். உலோகம் பிய்ந்து ஒட்டிய மரையோ திருகத் திருக மேலும் இறுகும். உடைந்த முகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடி வழியே, பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தபோது, மரையின் மேல் விளிம்பில் கருமையும் வெண்தூளும் தெரிந்தன. உலோகம் கிழிந்ததற்கான பளபளப்பான வடுக்கள் தெரியவில்லை. துண்டைச் சிதைக்காமல் முழுதாகவே எடுத்துவிடலாம் என்ற நம்பிக்கை அப்போது பிறந்தது.

பாதுகாப்பைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சமே என்றாலும், அதைத் தவிர்க்க முடியாது. ஹைட்ரஜன் காற்றில் 4 சதவீதம் முதல் 75 சதவீதம் வரை எந்த விகிதத்தில் கலந்தாலும் தீப்பற்றும். ஆகவே அதன் இணைப்பைக் கருவியின் வால்வில் மட்டும் மூடாமல் சிலிண்டரிலேயே மூடி, குழாயில் மிஞ்சியதை வெளியேற்றிய பிறகே கருவியைத் தொட வேண்டும். சேகரிப்பானுக்குச் சில நூறு வோல்ட் மின்னழுத்தம் செல்வதால் மின் இணைப்பையும் துண்டிக்க வேண்டும். எலெக்ட்ரான்களைக் கவரும் வேறு வகை உணர்வியில், அதாவது இ.சி.டி.யில், இப்படி ஒரு மரை உடைந்தால், இங்கே நான் சொல்லும் எதையும் செய்யக் கூடாது. அதனுள் கதிரியக்க நிக்கல்-63 பூசிய தகடு இருக்கிறது. அந்த உணர்விக் கலத்தைப் பிரிக்கப் பயனாளருக்கு உரிமை இல்லை. அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளுக்கு உட்பட்டு அதை உரியவர்களிடம் ஒப்படைப்பதே வழி.

இனி, பட்டறையில் முதலில் கைக்கு வரும் மூன்றையும், அதாவது ஊடுருவும் எண்ணெய், முரட்டு விசை, டிரில் ஆகியவற்றை, இங்கே ஏன் முதலில் தொடக்கூடாது என்று சொல்ல வேண்டும். 1950களின் இறுதியில் ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் தனித்தனியே உருவான இந்த உணர்வி உலகெங்கும் பரவியதற்குக் காரணமே, கார்பன்-ஹைட்ரஜன் பிணைப்புள்ள ஏறத்தாழ எந்தச் சேர்மத்தையும் மிக நுண்ணிய அளவிலும் அது உணர்ந்துவிடும் என்பதுதான். ஊடுருவும் எண்ணெயோ முழுக்க முழுக்க அத்தகைய சேர்மங்களின் கலவை. மரையின் இடுக்கு வழியே அது கீழிறங்கி ஹைட்ரஜன் வரும் பக்கவாட்டுத் துளைக்குள் புகுந்துவிட்டால், உணர்வியைச் சூடேற்றும்போதெல்லாம் சிறிது சிறிதாக ஆவியாகி வந்து அடிக்கோட்டை, அதாவது மாதிரி எதுவும் வராதபோதும் உணர்வி காட்டும் அளவை, உயர்த்திக்கொண்டே இருக்கும். சிலிக்கான் கலந்த மசகு என்றால் இன்னும் மோசம். அது எரிந்து, எதைத் துடைக்க வந்தோமோ அதே தூளாக மீண்டும் படியும். ஆகவே ஊறவைக்க நான் பயன்படுத்துவது அசிட்டோனும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் மட்டுமே, அதுவும் அடித்தளம் முற்றிலும் குளிர்ந்த பிறகு. இவை கரிமக் கசடை இளக்கும், சிலிக்காவைக் கரைக்கமாட்டா. சிலிக்காவைக் கரைக்கும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தைச் சிலர் யோசனையாகச் சொல்வதுண்டு. அது தோலில் பட்டால் உயிருக்கே ஆபத்து என்பதோடு, எஃகையும் அரித்துவிடும் என்பதால், அந்த யோசனையை முற்றிலும் நிராகரிக்கிறேன்.

ஊறியது போதும் என்று தோன்றிய பிறகு, வெப்பத்தின் உதவியை நாடினோம். அடித்தளமும் துண்டும் ஒரே உலோகம் என்பதால் இரண்டையும் ஒன்றாகச் சூடேற்றினால் இரண்டும் ஒரே அளவில் விரியும், பிடி தளராது. வேறுபாட்டை உண்டாக்க வேண்டும். கரைப்பான் முழுவதும் ஆவியாகிப் போனதை உறுதிசெய்து, சேகரிப்பானைக் கழற்றி, அதன் மின் இணைப்பை விலக்கிவைத்துவிட்டு, உணர்வியின் சொந்தச் சூடேற்றியால் அடித்தளத்தை ஏறத்தாழ 150 டிகிரிக்குக் கொண்டுவந்தோம். பிறகு உலர்பனியில் குளிரவைத்த ஒரு செப்புக் கம்பியின் முனையைத் துண்டின் மீது அழுத்திப் பிடித்து, அந்தத் துண்டை மட்டும் குளிரச் செய்தோம். 5 மி.மீ. விட்டமுள்ள எஃகு மரை 100 டிகிரி குளிர்ந்தால் அதன் விட்டம் சுமார் 0.008 மி.மீ. குறையும். கேட்பதற்கு இது மிகச் சிறிய அளவுதான். ஆனால் இடுக்கில் கல்லாக உறைந்த கசடை வெடிக்கச் செய்ய அவ்வளவு அசைவு போதும். சூடேற்றுவதும் குளிரவைப்பதுமாகச் சில சுற்றுகள் இதைத் திரும்பச் செய்வது, எந்தக் கருவியையும் உள்ளே நுழைக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால், பொறுமையை இந்தக் கட்டத்தில் செலவிடுவதே நல்லது. கடையில் கிடைக்கும் குளிர்விக்கும் ஸ்பிரேக்களை நான் விரும்புவதில்லை. அவற்றில் பல எரியக்கூடியவை, சூடான உணர்வியின் அருகில் அவற்றுக்கு இடமில்லை.

துண்டின் நடுவில் ஏற்கெனவே துளை இருந்தது நமக்குக் கிடைத்த பெரிய வசதி. திடமான போல்ட் உடைந்திருந்தால் நடுப்புள்ளி குத்தி, துளையிட்டு, அந்தத் துளை சற்று விலகினாலும் அடித்தளத்தின் மரையைக் கெடுத்துவிடும் அபாயத்தோடு வேலை செய்ய வேண்டியிருக்கும். இங்கே டிரில் தேவையே இல்லை. ஆனால் அந்தத் துளைக்குள் எதை நுழைத்துத் திருப்புவது என்பதில்தான் தவறு நேர்கிறது. ஈஸி அவுட் என்ற பெயரில் எல்லா டூல்ஸ் கடைகளிலும் கிடைப்பது, இடப்புறமாகச் சுழலும் வரிகள் கொண்ட கூம்பு வடிவக் கருவி. திருப்பத் திருப்ப அது துளைக்குள் ஆப்பைப் போல இறங்கி, துண்டின் மெல்லிய சுவரை வெளிப்புறமாக விரித்து, அடித்தளத்தின் மரையோடு இன்னும் நெருக்கிவிடும். கூடவே, அது கடினப்படுத்திய எஃகு என்பதால் எளிதில் ஒடியும். ஒடிந்த முனை உள்ளே சிக்கிவிட்டால் சாதாரண டிரில் அதன் மேல் வழுக்கிப் போகும். அதன் பிறகு மின்பொறி அரிப்பு முறையில்தான் எடுக்க வேண்டிவரும். கோவையில் அச்சு வார்ப்புத் தொழிலை நம்பிய பட்டறைகளில் ஸ்பார்க் எரோஷன் இயந்திரங்கள் உண்டு என்றாலும், அடித்தளத்தை முழுதாகக் கழற்றி அங்கே எடுத்துச் செல்ல வேண்டும். அந்த இயந்திரம் பொதுவாக ஹைட்ரோகார்பன் எண்ணெயில் மூழ்கியபடியே வேலை செய்கிறது என்பதால், எந்த எண்ணெயைத் தவிர்த்தோமோ அதிலேயே அடித்தளம் குளித்து வரும்.

நான் பயன்படுத்தியது, லேத் பட்டறையில் செய்து வாங்கிய ஒரு சதுரக் கம்பி. கருவி எஃகில் மிக மெல்லிய சரிவோடு நான்கு கூர் விளிம்புகள் வரும்படி அரைத்து, கடினப்படுத்தி, பின்பு நீல நிறம் வரும்வரை சூடேற்றிப் பதப்படுத்தியது. நீலப் பதம் என்பது கடினத்தில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து முறியாத தன்மையைப் பெறுவதற்கானது. முறுக்கு அதிகமானால் அது ஒடிவதற்கு முன் வளையும், வளைவது கைக்குத் தெரியும். கூர் விளிம்புகள் துளையின் உட்சுவரைச் சுரண்டிப் பிடிக்கின்றனவே தவிர, சுவரை விரிப்பதில்லை. கூம்புப் பரப்பு துண்டுக்குக் கீழேயே இருப்பதால், கம்பி எவ்வளவு ஆழம் இறங்கலாம் என்பதைப் புதிய ஜெட் ஒன்றை அளந்து கணக்கிட்டு, அந்த ஆழத்தில் ஒரு தடுப்பு வளையத்தைக் கம்பியில் பொருத்திக்கொண்டேன். இந்த வளையம் இல்லாமல் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால்கூட, அமர்வுப் பரப்பில் கீறல் விழ வாய்ப்புண்டு. அந்தக் கீறலை எந்தப் புதிய ஜெட்டும் அடைக்காது.

துகள் கீழே போகாமல் பார்த்துக்கொள்வது அடுத்தது. கேப்பிலரி குழாயை அகற்றி, அடியில் உள்ள இணைப்பை மூடிய நட்டால் அடைத்து, ஹைட்ரஜன் வரும் குழாயில் ஹைட்ரஜனுக்குப் பதிலாகச் சிலிண்டர் நைட்ரஜனை இணைத்து, மிகக் குறைந்த ஓட்டத்தில் திறந்துவைத்தோம். கீழே வழி அடைபட்டிருப்பதால் நைட்ரஜன் துண்டின் துளை வழியே மேல்நோக்கியே வரும். சதுரக் கம்பியின் பக்கங்களுக்கும் வட்டத் துளைக்கும் இடையே உள்ள இடைவெளிகளில் அது தொடர்ந்து வெளியேறி, சுரண்டலில் உதிரும் உலோகப் பொடியை உள்ளே இறங்கவிடாமல் மேலே தள்ளிக்கொண்டிருக்கும். மேலே வந்த பொடியை வெற்றிடக் குழாயின் மெல்லிய முனையால் உடனுக்குடன் உறிஞ்சிக்கொள்ள வேண்டும். ஊசி முனை அளவிலான ஒரு துகள் 0.3 மி.மீ. துளையை அடைத்துவிடும் என்பதை நினைத்தால், இந்த ஏற்பாட்டைச் செய்யும் நேரம் வீண் என்று யாருக்கும் தோன்றாது.

கம்பியை மெல்லத் தட்டி உட்கார வைத்து, மரை வெட்டும் டேப் என்ற கருவிக்கான சிறிய கைப்பிடியால் இரு பக்கமும் சம விசையில் பிடித்து, முதலில் இறுக்கும் திசையில் இம்மியளவு திருப்பினேன். இது பலருக்கும் வியப்பாக இருக்கும். கசடால் பிடித்த மரையை முதலில் எந்தப் பக்கம் அசைத்தாலும் கசடு நொறுங்கும். இறுக்கும் திசையில் சிறு அசைவு, பிறகு தளர்த்தும் திசையில் சிறு அசைவு என்று மாறி மாறிக் கொடுக்கும்போது நொறுங்கிய தூள் மரைகளுக்கிடையே பரவி இடம் விடுகிறது. ஒரே திசையில் விசையைக் கூட்டிக்கொண்டே போனால் அந்தத் தூளே ஆப்பாகிவிடும். அசைவு கிடைத்த பிறகும் அவசரப்படாமல், கால் சுற்று தளர்த்தி, அதில் பாதி திரும்பி, ஒரு துளி ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, மீண்டும் தளர்த்தி என்று தொடர்ந்ததில், துண்டு முழு மரையோடு வெளியே வந்தது.

இந்த இடத்தில் மரையின் அளவைப் பற்றி ஒரு எச்சரிக்கை. துண்டு வந்த பிறகு அடித்தளத்தின் மரையைச் சுத்தப்படுத்த, பெட்டியில் இருக்கும் டேப்பை எடுத்து விட்டுவிடலாம் என்று பட்டறை நண்பர்கள் உடனே முன்வருவார்கள். நம் பட்டறைகளில் பெரும்பாலும் இருப்பவை மெட்ரிக் டேப்புகள். இந்தக் கருவிகளின் இணைப்புகளில் பலவும் அங்குல மரைகள். 1/16 அங்குலக் குழாய்களுக்கான நட்டுகளில் பரவலாக வரும் 10-32 மரையின் விட்டம் 4.83 மி.மீ., மரை இடைவெளி ஏறத்தாழ 0.794 மி.மீ. எம்5 மரையின் விட்டம் 5 மி.மீ., இடைவெளி 0.8 மி.மீ. இடைவெளியில் உள்ள வேறுபாடு கண்ணுக்கே தெரியாது. ஆகவே எம்5 டேப் 10-32 துளைக்குள் முறையாகவே நுழைவதுபோல நுழைந்து, சுவரைக் கூடுதலாகச் சீவிக்கொண்டே போய், இனி எந்த நட்டும் உறுதியாகப் பிடிக்காத நிலையில் துளையை விட்டுவிடும். 1/8 அங்குல ஸ்வேஜ்லாக் வகை இணைப்பின் 5/16-20 மரைக்கும் எம்8 மரைக்கும் இதே கதைதான்: முன்னதன் விட்டம் 7.94 மி.மீ., இடைவெளி 1.27 மி.மீ.; பின்னதன் விட்டம் 8 மி.மீ., இடைவெளி 1.25 மி.மீ. உள்ளே மரை உடைந்து நிற்கும் நிகழ்வுகளில் சில, இப்படி நெருங்கிய இரண்டு அளவுகளில் ஒன்றை மற்றொன்றில் வலிந்து திருகியதால் நேர்ந்தவை என்பதையும் கண்டிருக்கிறேன். ஆகவே வெர்னியரும் மரை இடைவெளி அளவியும் இல்லாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது.

டேப்பையே நாடாமல் இருப்பது அதைவிடச் சிறந்தது. கழித்துவைத்திருந்த பழைய ஜெட் ஒன்றின் மரையில், நீளவாக்கில் இரண்டு பள்ளங்களை நுண்ணிய அரத்தால் வெட்டி, பிசிறு நீக்கி, அதையே மரையைச் சுத்தம் செய்யும் கருவியாக்கிக்கொண்டேன். அது உலோகத்தைச் சீவாது; மரைக்குள் மிஞ்சிய கசடை மட்டும் பள்ளங்களில் திரட்டிக்கொண்டு வரும். அளவில் ஐயத்துக்கே இடமில்லை, ஏனெனில் அதே இடத்துக்கென்று செய்யப்பட்ட மரை அது. கைவிரல்களால் மட்டுமே அதைத் திருப்பினேன். விரல் விசைக்கு நகராத இடத்தில் நிறுத்தி, வெளியே எடுத்து, துடைத்து, மீண்டும் விட்டேன்.

பிறகு பஞ்சுக் குச்சிகளால் அல்ல, இழை உதிராத துணியை மெல்லிய கம்பியில் சுற்றி, முதலில் அசிட்டோனாலும் பின்பு மெத்தனாலாலும் அமர்வுப் பரப்பைத் துடைத்தோம். பஞ்சு இழை ஒன்று உள்ளே தங்கினால் அது கருகி, அடுத்த பிரச்சினையாக வளரும். சிறிய கேமராவால் கூம்புப் பரப்பைச் சுற்றிப் பார்த்ததில் வட்டமாகத் தொடரும் பழைய அழுத்தத் தடம் தெரிந்தது. அதைக் குறுக்கே வெட்டும் கீறல் எதுவும் இல்லை. வட்டத் தடத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. குறுக்குக் கீறல் ஒன்று தெரிந்திருந்தால், அடித்தளத்தை மாற்றும்படியே பரிந்துரைத்திருப்பேன்.

புதிய ஜெட்டைக் குளிர்ந்த அடித்தளத்தில் விரல்களால் திருகி, முழுவதுமாக அமர்ந்த பிறகே நட் டிரைவரால் சிறிதளவு இறுக்க வேண்டும். மரையில் எந்தப் பசையும் மசகும் பூசக் கூடாது. சூடாக இருக்கும்போது இறுக்கவும் கூடாது. கசிவைச் சோதிக்க, ஜெட்டின் நுனியைச் செப்டம் என்னும் ரப்பர் அடைப்பின் துண்டால் அழுத்தி மூடி, ஹைட்ரஜன் பாதையில் ஹீலியத்தைச் சிறு அழுத்தத்தில் நிரப்பி, வால்வை மூடி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்த்தோம். கூடவே மின்னணுக் கசிவுமானியை ஒவ்வோர் இணைப்பின் அருகிலும் மெதுவாக நகர்த்தினோம். சோப்பு நீரை இந்த இடத்தில் பயன்படுத்துவதில்லை, ஏனெனில் சிறு கசிவு உள்ள இடத்தில் அது உள்நோக்கியும் ஊறக்கூடும்.

கேப்பிலரி குழாயை இணைப்பதற்கு முன், அடி இணைப்பு மூடியபடியே இருக்க, சுடரை ஏற்றி, உணர்வியை அதன் வழக்கமான வெப்பநிலையைவிடச் சற்று மேலே வைத்து ஓரிரவு ஓடவிட்டோம். உணர்வியைத் தனியாக ஓட்டினால்தான், அடிக்கோட்டில் காணும் உயர்வு உணர்வியிலிருந்து வருவதா, குழாயிலிருந்து வருவதா என்று பிரித்தறிய முடியும். மறுநாள் காலையில் அடிக்கோடு, ஆய்வகத்தின் பழைய பதிவேட்டில் இருந்த அளவுக்கே இறங்கியிருந்தது. குழாயைப் பொருத்தி, அளவு தெரிந்த ஆல்கேன் திட்டக் கலவையைச் செலுத்தியபோது ஒவ்வொரு சேர்மத்துக்குமான உச்சிகள் ஒடுங்கி, சமச்சீராக வந்தன. பரப்பளவுகளும் முந்தைய ஓட்டங்களோடு ஒத்துப்போயின. அடித்தளம் முழுவதுமாகக் குளிர்ந்த பிறகு கசிவுச் சோதனையை இன்னொரு முறை செய்து, ஜெட் தளரவில்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு, சிலைல் மாதிரிகள் ஓடும் காலத்தில் ஜெட்டை எவ்வளவு இடைவெளியில் கழற்றித் துடைப்பது என்பதைப் பதிவேட்டில் எழுதிவைத்துவிட்டுத் திரும்பினேன்.